உள்ளே போடாத சீட்டு

நான் வேலை பார்த்த கம்பெனியில் ஒரு பெண்ணின் விசா விண்ணப்பத்தை அனுப்பாமல் என் மேசையின் அடி இழுப்பறையில் வைத்துக்கொண்டேன். குலுக்கலில் உன் பெயர் வரவில்லை என்று அவளிடம் பொய் சொன்னேன். ஒரு முறை மட்டும் என்றால்கூட ஏதாவது சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டு வருடம் அடுத்தடுத்துச் செய்தேன்.

பெங்களூரின் தெற்கு ஓரத்தில், அத்திபெலே போகும் வழியில் இருந்த மென்பொருள் கம்பெனி அது. அமெரிக்காவுக்கு ஆட்களை அனுப்பும் விசாப் பிரிவு என் பொறுப்பு. அந்த வேலை விசாவுக்குப் போகிறவரே விண்ணப்பிக்க முடியாது. அவரை வேலைக்கு வைக்கும் கம்பெனிதான் விண்ணப்பிக்க வேண்டும். அவர் தன் சான்றிதழ்களையும் பாஸ்போர்ட் நகலையும் எங்களிடம் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார். இருக்கும் இடங்களைவிட விண்ணப்பங்கள் பல மடங்கு வருவதால் அங்கே குலுக்கல் போட்டுத்தான் எடுப்பார்கள். முடிவும் எங்களுக்குத்தான் வரும். நாங்கள் என்ன சொல்கிறோமோ அதுதான் அவருக்கு முடிவு.

கோப்புகள் சேரும் பிப்ரவரியில் வளாகத்து மரங்கள் இலையை உதிர்த்துவிட்டு உடம்பெல்லாம் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். காலையில் ஏரிப் பக்கமிருந்து பனி வந்து கண்ணாடிச் சுவர்களில் படியும்போது கட்டடமே தரையில் இல்லாததுபோல இருக்கும். அந்தப் பனிக்குள்ளிருந்துதான் அவள் எப்போதும் வருவாள், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, முன்கூட்டியே சிரித்தபடி.

பெங்களூரிலேயே தமிழர்கள் நிறைய வாழும் ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்தில் வளர்ந்த பெண். அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை. அந்தச் சந்தில் இன்ஜினியரிங் முடித்த முதல் ஆள் அவள்தான். எங்கள் தளத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நானும் அவளும் மட்டும் என்பதால் டீ நேரத்தில் என் மேசைக்கு வருவாள். அவள் வேலை செய்த வாடிக்கையாளர் கம்பெனி, அமெரிக்காவின் வடக்கே ஒரு ஏரிக்கரை ஊரில் இருந்தது. நான்கு வருடமாக அந்த ஊர்க்காரர்களுடன் போனில் பேசிப் பேசி, போகாமலே அந்த ஊரை அறிந்து வைத்திருந்தாள். யார் வீட்டில் எத்தனை நாய், எந்தத் தெருவில் முதலில் பனியை அள்ளுவார்கள் என்பது வரை.

"ஏரி உறைஞ்சு போச்சுன்னா மேலயே நடப்பாங்களாம் சார். கார்கூட ஓட்டுவாங்களாம். நான் போனா முதல்ல அதான் செய்வேன். செருப்ப கழட்டி ஒரு கால் வச்சுப் பாப்பேன்."

"கால் மரத்துப் போயிடும்மா."

"மரக்கட்டும் சார், மறுபடி வராதா என்ன?"

அந்த வருடம் பன்னிரண்டு பேருக்குத்தான் விண்ணப்பிக்க அனுமதி. பட்டியலில் பதிமூன்று பெயர். அவளுடைய திட்ட மேலாளர் என் அறைக் கதவைச் சாத்திவிட்டு, அவள் போய்விட்டால் இங்கே வேலை நின்றுவிடும், இந்த ஒரு வருடம் மட்டும் எப்படியாவது பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். உண்மையைச் சொன்னால் அவள் வேறு கம்பெனிக்குப் போய்விடுவாள். குலுக்கல் என்றால் யார்மேலும் கோபம் வராது. அவர் இதைச் சொல்லவில்லை. இந்த யோசனை என்னுடையது.

பதிமூன்று பேரில் அவளையே விட்டுவிட எனக்கு இன்னொரு காரணமும் இருந்தது. இத்தனை வயதில் அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? மற்றவர்களின் வீட்டில் மாமாவோ மைத்துனனோ அமெரிக்காவில் இருந்தார்கள். ரசீது எண் என்ன, வக்கீல் யார் என்று துருவிக் கேட்பார்கள். அவளுக்குப் பின்னால் கேட்க ஒருவரும் இல்லை. அதோடு அவள் என்னை நம்பினாள். அந்த நம்பிக்கை எனக்கு வசதியாக இருந்தது.

ஏப்ரல் கடைசியில், குலுக்கலில் வரவில்லை என்று அவளிடம் சொன்னேன். முதல் கோடை மழை பெய்து பூவெல்லாம் தரையில் ஒட்டிக் கிடந்தது.

"பரவால்ல சார். அடுத்த வருஷம் கண்டிப்பா வரும்ல?"

"வரும்மா."

அடுத்த வருடமும் அதே மேலாளர் வந்தார், அதே இழுப்பறை, அதே பொய். இடையில் வேறொரு கம்பெனி அவளை அழைத்தது, விசாவும் போடுகிறோம் என்றது. என்ன செய்யட்டும் சார் என்று என்னிடம்தான் கேட்டாள். இங்கேயே இரும்மா என்றேன்.

மூன்றாம் வருடம், மேலாளர் மாறிவிட்டார். இந்த முறை உண்மையாகவே அனுப்பிவிடுவது என்ற முடிவோடு நானே அவளைக் கூப்பிட்டேன். அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"வேணாம் சார். எனக்குக் குலுக்கல்ல வராது. என் எடத்த வேற யாருக்காவது குடுங்க, அவங்களாவது போகட்டும்."

கொடுத்தேன். அந்த இடத்தில் சேர்த்த பையனின் பெயர் வந்தது. அவள் எல்லோருக்கும் இனிப்பு வாங்கி வந்து வைத்தாள்.

நான் ஓய்வு பெற்ற அன்று இழுப்பறையைக் காலி செய்தபோது அவள் கோப்பும் வந்தது. கிழிக்கக் கை வரவில்லை. வீட்டு அலமாரியில் வைத்தேன். அனுப்பியிருந்தாலும் வராமல் போயிருக்கலாமே என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் ஒரு கனவு திரும்பத் திரும்ப வரும். பெரிய கண்ணாடி உருளை ஒன்று பனிக்குள் சுழலும். உள்ளே சீட்டுகள் பூவைப் போல மிதக்கும். அவள் வெறுங்காலோடு அருகே நின்று ஒவ்வொரு சீட்டாகப் படிப்பாள், பொறுமையாக. முழுவதையும் படித்து முடிப்பதற்குள் நான் விழித்துவிடுவேன்.

போன ஆடி மாதம் மெட்ரோவில் அவளைப் பார்த்தேன். ரயில் கூரைகளுக்கு மேலே, மழை மேகத்தை உரசுவதுபோலப் போய்க்கொண்டிருந்தது. எழுந்து எனக்கு இடம் கொடுத்த பெண் அவள்தான் என்று தெரியச் சற்று நேரம் ஆனது. முன்தலையில் நரை. இப்போது வேறு கம்பெனி, அதே வீடு.

"ஞாயித்துக்கிழமை கூழு ஊத்தறாங்க சார் எங்க மாரியம்மன் கோயில்ல. வாங்களேன்."

"முதல்ல கூழ் ஊத்தறது உங்க வீடா?"

"அதுக்கும் குலுக்கல்தான் சார்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அவர்கள் சந்தில் வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதிக் குடத்தில் போட்டு, வீட்டுக்கு ஒருவராக வந்து ஒரு சீட்டு எடுத்துப் பார்த்து மறுபடி போடுவார்கள். முதலில் தன் வீட்டுப் பெயரையே எடுக்கிறவர் முதல் கூழ் ஊற்றலாம்.

"என்னை மட்டும் எங்கம்மா குடத்துப் பக்கமே விட மாட்டாங்க. விசா குலுக்கல்ல ரெண்டு வாட்டி போச்சே, ராசியில்லாத கைன்னு. அண்ணிதான் எடுப்பாங்க. கல்யாணப் பேச்சு நின்னதுக்குக்கூட அதான் காரணமாம்." மறுபடி சிரித்தாள். "சந்துல எல்லாருக்கும் தெரியும் சார். யாரும் என்னைச் சீட்டு எடுக்கக் கூப்பிட மாட்டாங்க."

என் நிலையம் வந்தும் நான் இறங்கவில்லை. அவளை ஒரு ஊருக்குப் போகவிடாமல் செய்தேன் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அவள் கையையே கெட்ட கையாக்கிவிட்டிருந்தேன்.

கூழ் ஊற்றிய ஞாயிறன்று போகத் தைரியம் வரவில்லை. அதற்கு மூன்று வாரம் கழித்து, அலமாரியில் இருந்த அவளுடைய விண்ணப்பக் கோப்பை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை வீடு. வாசலை ஒட்டிக் குழாய். அவள் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு டீ போட உள்ளே போனார். நான் அந்தக் காகிதக் கட்டை அவள் மடியில் வைத்தேன்.

"இது குலுக்கலுக்கே போகலம்மா. நான்தான் அனுப்பல."

அவள் கட்டைப் பிரித்தாள். தன் பழைய புகைப்படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

"ரெண்டு வருஷமுமா?"

"ரெண்டு வருஷமும்."

"மூணாவது வருஷம் நானா விட்டுக் குடுத்தேனே சார்."

டீயோடு அம்மா வந்தார். அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "இப்ப எங்கிட்ட சொன்னத அம்மாகிட்ட சொல்லுங்க. எதையும் கொறைக்காம."

சொன்னேன். ஏன் அவளைத் தேர்ந்தெடுத்தேன் என்பதையும் சொன்னேன். அம்மா கையில் தட்டோடு நின்றபடியே கேட்டார்.

"அப்ப ராசி கெட்டது எம் பொண்ணு கை இல்ல. உன் கை," என்றார். நான் வந்தபோது வாங்க என்று மரியாதையாக அழைத்தவர். பிறகு மகள் பக்கம் திரும்பி, "நானும்தானே உன்ன..." என்று தொடங்கி நிறுத்திவிட்டார். தட்டிலிருந்து ஒரு டம்ளரை எடுத்து மகளிடம் கொடுத்தார். மற்றதைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்விட்டார்.

பழைய கம்பெனிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். அந்தக் காலத்துக் கோப்புகள் இப்போது இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. வேறு விசாவுக்கு வழி இருந்தால் விசாரித்துத் தருகிறேன் என்று அவளுக்கு ஒரு முறை செய்தி அனுப்பினேன். "எனக்கு இப்ப அங்க போக ஆசை இல்ல சார்" என்று மட்டும் பதில் வந்தது. அதற்குமேல் தொந்தரவு செய்யவில்லை.

இந்த ஆடியில், மழை தூறிய ஒரு காலை வேளையில், அவளிடமிருந்து செய்தி வந்தது. மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. நலம் விசாரிப்பும் இல்லை.

"எங்க வீட்டுச் சீட்ட நானே எழுதிக் குடத்துல போட்டேன். அம்மா என்னத்தான் எடுக்கச் சொன்னாங்க. எங்க வீட்டுப் பேரு வரல."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வரி வந்தது.

"இந்த வாட்டி நெஜமாவே வரல சார்."