நிலாவின் தாய்வீட்டுக்காரி

சண்முகவள்ளிக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். ஆனாலும் போன சித்திரையிலிருந்து, மாசமாக இருக்கும் மகள் ஒருத்தி தனக்கு உண்டு என்றே நடந்துகொண்டாள். மகள் பெயர் தமிழ்நிலா. திண்டுக்கல்லில் இருந்துகொண்டு யூடியூபில் தினமும் வீடியோ போடுகிறவள். நாலு லட்சம் பேர் பார்க்கிறார்கள். மற்றவர்களைச் சண்முகவள்ளி கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

செம்பட்டிக்குத் தெற்கே அவர்களுக்கு ஒன்றரை ஏக்கர் சம்பங்கி. விடிகாலையில் பூப்பறிக்கும்போது மடியில் போன் பேசிக்கொண்டிருக்கும். எல்லாரும் சாப்பிட்டீர்களா என்று நிலா கேட்டால், இனிமேல்தான் கண்ணு என்று செடிகளுக்கு நடுவிலிருந்து பதில் போகும். அடுத்த பாத்தியில் கணவர் ஆண்டிச்சாமி தலையில் அடித்துக்கொள்வார். வாயால் சொன்னால் போனே எழுதிக்கொள்ளும் என்று தெரிந்த நாளிலிருந்து அவள் கமெண்டு போடாத நாளில்லை. ஒவ்வொன்றுக்கும் நிலா சிவப்பு இதயம் வைத்தாள்.

நிலா காதல் கல்யாணம் செய்தவள். பெற்ற தாய் பேச்சை நிறுத்தி இரண்டு வருடம். ஏழாம் மாதம் பிறந்ததும் அழுதுகொண்டே ஒரு வீடியோ போட்டாள்.

"எனக்குத் தாய்வீடுன்னா நீங்கதான். ஞாயித்துக்கிழமை வளைகாப்பு, எல்லாரும் வந்துருங்க."

மண்டபத்தின் பெயரையும் சொன்னாள். மற்றவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார்கள். சண்முகவள்ளி புளியை ஊறப்போட்டாள். தாய்வீடு என்று சொன்ன பிறகு கட்டுச்சோறு இல்லாமல் எப்படிப் போவது? ஏழு வகைச் சோறு, இரண்டு டஜன் பச்சை வளையல், வேப்பங்கொழுந்தை வளைத்துக் கட்டிய காப்பு ஒன்று. அந்த வேப்பங்காப்பை முதலில் போடும் உரிமை தாய்வீட்டுக்காரிக்குத்தான். மகள் இல்லாத தனக்கு இந்த ஜென்மத்தில் கிடைக்காது என்று அவள் விட்டுவிட்ட உரிமை அது.

"ஒன்னயக் கூப்பிட்டாகளா?" என்றார் ஆண்டிச்சாமி.

கூப்பிட்டதை நீங்களும் கேட்டீர்களே என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

மண்டபத்தில் கூட்டம் வரிசையில் நின்றது. மேடையில் ஒரு நகைக்கடையின் பேனர். கேமராக்காரர் ஆளுக்கு ஒரு நிமிடம் என்று விரட்டிக்கொண்டிருந்தார். சண்முகவள்ளி கையிலிருந்த சோற்றுத் தூக்குகளைப் பார்த்ததும் நிலா எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். சண்முகவள்ளிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. காப்புப் போடக் கையை நீட்டச் சொன்னாள். பட்டுச் சேலை விலகிய மணிக்கட்டில் ஏற்கெனவே ஒரு வேப்பங்காப்பு இருந்தது. இலை சுருண்டு, காய்ந்து, ஒரு வாரப் பழசு.

யாரும் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. தாய் வந்து சேர்ந்துவிட்டாள், நிஜ வளைகாப்பு வீட்டோடு முடிந்துவிட்டது, இது வீடியோவுக்கு. தாயும் மகளும் கூடியதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் காலையில் சட்னி அடிப்பிடித்ததைக்கூடச் சொன்ன பெண் இதை மட்டும் தன்னிடம் மறைத்துவிட்டாளே என்ற கோபம் முந்திக்கொண்டு வந்தது. கொண்டுவந்த காப்பை மடியிலேயே விட்டுவிட்டு, ஊர்ப் பெண்கள் போடுவதுபோல கைக்கு இரண்டு பச்சை வளையல் போட்டாள்.

மேடையோரத்திலிருந்து நிலாவின் அதே மூக்கோடு ஓர் அம்மாள் வந்தாள். இம்புட்டுச் சோறு யார் கொண்டுவந்தது என்று வியந்துவிட்டு, "நீங்க யாரும்மா? நிலாவுக்கு என்ன ஒறவு?" என்று மரியாதையாகத்தான் கேட்டாள்.

நிலா சொல்லட்டும் என்று சண்முகவள்ளி காத்திருந்தாள். நிலாவுக்குப் பெயர் தெரியவில்லை. சிரித்த முகம் மாறாமல் கேமராக்காரரைப் பார்த்தாள்.

"ஒறவெல்லாம் இல்ல தாயி. போன்ல பாக்குறவ" என்றாள் சண்முகவள்ளி.