வெள்ளைக் கரு வரைக்கும்

வள்ளியம்மாள் அக்கா போய்விட்ட செய்தி வந்தபோது நான் ஜிம்மின் ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தேன். அவர் வீட்டுக்குப் பால் ஊற்றும் தம்பி போனில் கூப்பிட்டான். கதவைத் தட்டித் தட்டிப் பார்த்தானாம். உள்ளேயிருந்து ஐயாவின் குரல் மட்டும் கேட்டதாம். அக்கம்பக்கத்தார் வந்து கதவை உடைத்துப் பார்த்தபோது அக்கா தூக்கத்திலேயே போயிருந்தார். பக்கத்தில் அவர் கணவர் சண்முகம் ஐயா, எழுந்திருக்க முடியாமல், முடங்காத கையால் அவர் தோளைப் பிடித்தபடி படுத்திருந்தார். எந்த நேரத்திலிருந்து அப்படிப் படுத்திருந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தெம்பு இல்லை.

காலை வகுப்புக்கு வரும் உங்களுக்கெல்லாம் அக்காவைத் தெரியும். ஆனால் அவர் எதற்காக வந்தார் என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. கால்வலிக்கு வருகிறார் என்றுதான் அவரே சொல்லி வைத்திருந்தார். இப்போது சொல்லிவிடுகிறேன். திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள்.

அவர் முதன்முதலில் வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. வட்டக்கானல் பாதையில் இருக்கும் நம் ஜிம் முன்பு உருளைக்கிழங்கு குடோனாக இருந்த இடம். மேகம் இறங்கிவிட்டால் உள்ளேயே ஆள் முகம் தெரியாது. அந்த மூட்டத்துக்குள் சேலை, அதன்மேல் ஸ்வெட்டர், தலையில் குரங்குக் குல்லாய் என்று ஓர் உருவம் வந்து நின்றது. "சதை போட வைக்கிற எடம் இதுதானா தாயி?" என்றது. நான் சிரித்துவிட்டேன். அறுபதைத் தாண்டியவருக்கு எதற்குச் சதை என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

ஐயா பழனிக்கும் கொடைக்கானலுக்கும் பஸ் ஓட்டியவர். ஆறடி ஆள். பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து கழிப்பறைக்கு என்று எல்லாவற்றுக்கும் அக்காதான் தூக்க வேண்டும். ஒருநாள் தூக்கும்போது இருவரும் சேர்ந்து விழுந்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் வரும்வரை தரையிலேயே கிடந்தார்கள். பெங்களூரில் இருக்கும் மகன் செந்தில் பதறிப்போய், கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் அப்பாவைச் சேர்த்துவிடலாம் என்றான். அவனைக் குறை சொல்ல முடியாது. இருவரில் ஒருவராவது மிஞ்ச வேண்டுமே என்றுதான் அவன் கவலைப்பட்டான். அக்கா அவனிடம் ஒரே பேச்சாகச் சொன்னாராம்: "நான் தூக்குற வரைக்கும் அவரு இங்கதான் இருப்பாரு. என்னால முடியலன்னு நானே சொல்றேன், அன்னைக்குக் கூட்டிட்டுப் போ."

அதற்குத்தான் சதை. டாக்டரிடம் கேட்டுவிட்டு வரச் சொன்னேன். ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ஆதலால் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். வெறும் கம்பியில் ஆரம்பித்தோம். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கு, எழும்போது மூச்சை விடு என்று நான் கத்துவேன். அக்கா இரண்டே வாரத்தில் முறையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் பலம் ஏறவில்லை. இரண்டு மாதமாகியும் அதே எடையில்தான் நின்றார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டேன். காலையில் இரண்டு இட்லி, மதியம் ரசம் சோறு, ராத்திரி ஐயா மிச்சம் வைத்தது. எனக்கு வந்த கோபத்தில் கம்பியை அவர் கையிலிருந்து வாங்கிக் கீழே வைத்துவிட்டேன்.

பருப்பு, பால், கொண்டைக்கடலை, சோயா என்று சொல்லிப் பார்த்தேன். பால் குடித்தார். கடலையும் பருப்பும் கொஞ்சம் கூடினாலே வயிறு ஊதிக்கொண்டது. அந்த வயதில் பசியும் கம்மி, நிறையச் சாப்பிட முடியாது. கடைசியில்தான் முட்டை என்ற வார்த்தையை எடுத்தேன். அக்கா என்னை ஏதோ கெட்ட வார்த்தை பேசியவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் பிறந்த வீடு பழனி அடிவாரத்தில், மலைக்கோயிலுக்குப் பூத்தொடுக்கும் குடும்பம். முட்டை அவர்கள் வாசற்படி ஏறியதில்லை. ஐயா அதற்கும் ஒருபடி மேல். அவர் ஓட்டிய பஸ்ஸில் ஸ்டியரிங்குக்கு மேலே முருகன் படம் இருக்கும். ஒருமுறை கண்டக்டர் முட்டை போண்டா பொட்டலத்தோடு ஏறியதற்கு, வண்டியை ஓரங்கட்டி நிறுத்தி, தின்று முடித்துக் கை கழுவிவிட்டு ஏறு என்று இறக்கிவிட்டவராம் அவர். அக்கா இதைப் பெருமையாகத்தான் சொன்னார்.

பத்து நாள் கழித்து அவரே வந்து சொன்னார். முருகனிடம் பேசிவிட்டாராம். என்ன முடிவாயிற்று என்று கேட்டேன். "மஞ்சக் கருதான் குஞ்சாகும். அது உசுரு, அது வேணாம். வெள்ளக் கரு வரைக்கும் அவன் கண்ண மூடிக்குவான்."

நான் வாதாடினேன். கடையில் வாங்கும் முட்டை குஞ்சு பொரிக்காது என்றேன். மஞ்சளிலும் புரதம் இருக்கிறது, வேறு சத்தும் இருக்கிறது, பாதியைத் தூக்கி எறிகிறீர்கள் என்றேன். கேட்டால் அவர் வள்ளியம்மாளா? ஒப்பந்தம் முருகனோடு ஆகிவிட்டது, நடுவில் வர நான் யார்?

முதல் முட்டையை அவர் அவித்த கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. வீட்டில் அவிக்க முடியாது என்பதால் ஜிம்மின் பின்கட்டில் இருக்கும் என் ஸ்டவ்வில் வைத்தார். செல்போனில் யாரோ ஒரு சென்னைப் பெண் சொன்ன நேரக் கணக்குப்படி இறக்கி உடைத்தால், வெள்ளையே சளிபோல ஒழுகியது. அக்கா வாசலுக்கு ஓடிப்போய் ஓங்கரித்தார். "இந்தக் கருமத்துக்காகவா சாமிகிட்டச் சண்ட போட்டேன்" என்று அழாத குறை. இந்த உயரத்தில் தண்ணீர் சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் அந்தச் சூட்டில் எதுவும் லேசில் வேகாது. முப்பது வருடமாக இதே மலையில் குக்கர் இல்லாமல் சோறு வடிக்க முடியாது என்று தெரிந்து வைத்திருந்த அம்மாளுக்கு முட்டை விஷயத்தில் அது தோன்றவில்லை. நானாவது சொல்லியிருக்கலாம். கூடுதல் நேரம் வைத்து, நன்றாகக் கெட்டியானதை மிளகும் உப்பும் தூவிக் கொடுத்தேன். கண்ணை மூடிக்கொண்டு, மாத்திரை விழுங்குவதுபோல விழுங்கினார்.

அதன்பிறகு தினமும் வகுப்பு முடிந்ததும் பின்கட்டுக்குப் போய்விடுவார். வெள்ளை அவருக்கு, மஞ்சள் நம் வாசலில் படுத்திருக்கும் மணிக்கு. அந்த நாய் ஏன் திடீரென்று பூசணிக்காய்போல ஆயிற்று என்று நீங்கள் எல்லோரும் கேட்டீர்களே, காரணம் இதுதான். செவ்வாய், கிருத்திகை, சஷ்டி நாட்களில் முட்டை கிடையாது. தைப்பூசத்துக்கு மாலை போட்டால் அது முடியும்வரை கிடையாது. அப்போதெல்லாம் பாலும் வயிறு தாங்குகிற அளவுக்குக் கடலையும். மணிக்கும் விரதம்தான்.

முட்டை மந்திரமல்ல. பாரம் தூக்காமல் தின்றால் அது வெறும் முட்டை. அக்கா இரண்டையும் விடாமல் செய்தார். சில மாதங்களில் கம்பியின் இருபுறமும் தட்டுகள் ஏறின. ஒருநாள் வந்ததும் வராததுமாக என் கையைப் பிடித்து, "நேத்து ஒரே மூச்சுல எந்திரிக்க வச்சுட்டேன் தாயி. அவரே அசந்து போயிட்டாரு" என்றார். அன்றைக்கு அவர் முகம் கல்யாணப் பெண்ணின் முகம்போல இருந்தது.

போன மழைக்காலத்தில் அவருக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வரவில்லை. நான் அவித்த முட்டைகளைப் பையில் ஒளித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஐயா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். அக்கா எனக்குக் கண்ணைக் காட்டினார். நானும் பையைக் கதவுக்குப் பின்னால் வைத்துவிட்டு, கொய்யாப்பழம் கொண்டுவந்தேன் என்று புளுகினேன். ஐயாவுக்குப் பேச்சு குழறும். ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித்தான் பேசுவார்.

"மஞ்சளையும்... திங்கச் சொல்லு" என்றார்.

எப்படித் தெரியும் என்று அக்கா கேட்டதற்கு ஐயா, "நெதம் என்னத் தூக்குற. மொகத்துக்கு நேரா மொகம். வாசம் தெரியாதா?" என்றார். முதல் நாளே தெரியுமாம்; வெள்ளைக் கரு மட்டும் என்று அக்கா முருகன் படத்தின் முன் பேரம் பேசியதும் அவர் காதில் விழுந்திருந்ததாம். தெரிந்தும் அத்தனை மாதம் வாயைத் திறக்கவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "எனக்காகத்தான் திங்குறா. முழுசாத் திங்கட்டும்" என்றார். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அன்று ஒருமுறைதான். அடுத்த வாரத்திலிருந்து மஞ்சளும் அவருக்கே போனது. மணி கொஞ்ச நாள் எங்கள் இருவரிடமும் முகம் கொடுக்கவில்லை.

இழவு வீட்டில், பழனியிலிருந்து வந்திருந்த உறவுக்காரர் ஒருவர், கண்டதையும் தின்றதால்தான் நெஞ்சு அடைத்துவிட்டது என்று காதுபடச் சொன்னார். எதனால் போனார் என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது. சாவு வீடாக இருந்ததால் அந்த மனிதர் தப்பித்தார்.

எடுப்பதற்கு முன் ஐயா அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றார். நான்கு ஆண்கள் உள்ளே போய் ஐயாவின் கையையும் காலையும் ஆளுக்கொன்றாகப் பிடித்து, மூட்டையைத் தூக்குவதுபோல இழுத்தார்கள். அவர் வலியில் அலறினார். நான் எல்லோரையும் விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். என் முழங்காலை அவர் முழங்காலுக்கு முட்டுக் கொடுத்து, கைகளை அவர் முதுகுக்குப் பின்னால் கோத்து, நான் அக்காவுக்குச் சொல்லிக் கொடுத்ததுபோலவே மூச்சை விட்டபடி எழுந்தேன். அதற்குமுன் நான் ஐயாவைத் தூக்கியதே இல்லை. பாதியில் என் தொடை நடுங்கியது. ஜிம்மில் அக்கா எவ்வளவு தூக்கினார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தட்டு ஏறும்போதெல்லாம் கைதட்டினோம். அதற்கெல்லாம் மேற்பட்ட பாரத்தை அவர் ஒவ்வொரு நாளும், கைதட்ட ஆளில்லாமல், வீட்டில் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார். ஐயா என் தோளில் தாடையை வைத்தபடி அக்காவை வெகுநேரம் பார்த்தார். பிறகு என் காதில், "நான் இங்கயே இருக்கேன்னு அவன்கிட்டச் சொல்லு" என்றார்.

செந்திலிடம் சொன்னேன். அவனும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறான். எத்தனை நாளைக்கு என்று அவனுக்கே தெரியவில்லை. தூக்கிப் பழக இப்போது ஜிம்முக்கு வருகிறான், உடம்பில் சுத்தமாகச் சதை இல்லை. அவன் தேறும்வரை காலையில் வெள்ளனே போய் ஐயாவை எழுப்பி உட்கார வைப்பது என் பொறுப்பு. உங்களில் முடிந்தவர்கள் மாலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த மனிதரின் பாரம்தான். அதை வேறு கைக்கு முழுதாக மாற்றிவிட எனக்கு மனசு வரவில்லை.