லாட்ஜ் என்று சொல்லக் கூடாது

தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்துப் பழைய கடைத்தெருவைப் புதுப்பிக்கிறோம், நடுவில் ஏழு மாடி ஹோட்டல் வருகிறது என்று நான் வரைபடம் போட ஆரம்பித்து இரண்டு வருஷமாகிவிட்டது. விசிட்டிங் கார்டில் கட்டிடக் கலைஞன் என்றுதான் இருக்கிறது. கலையாவது மண்ணாவது! வரைந்ததைவிட அழித்ததே அதிகம். லாபியைத் தெருப்பக்கம் கொண்டுவா என்பார்கள், மறுவாரம் உள்ளே தள்ளு என்பார்கள். அஸ்தினாபுரத்தில் கிளம்பி குரோம்பேட்டை நெரிசலைத் தாண்டுவதற்குள்ளேயே எனக்குப் பாதி உயிர் போய்விடும்.

ஹோட்டல் முதலாளி ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் மாறவே இல்லை. "லாட்ஜ்ங்கிற வார்த்தை யார் வாயிலயும் வரக்கூடாது. நம்மளுது ஹோட்டல்." சரி, அவர் கட்டிடம், அவர் வார்த்தை. நானும் அப்படியே சொல்லப் பழகிக்கொண்டேன்.

கடைசியாக, காலி செய்ய ஆட்சேபம் இல்லை என்று எட்டுக் கடைக்காரர்கள் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஒருவரும் அசையவில்லை. தெருமுனையில் டிபன் கடை வைத்திருந்த அக்காவிடம்தான் நான் வழக்கமாகச் சாப்பிடுவேன். "அக்கா, பெரிய ஹோட்டல் வருது, உங்களுக்கும் நல்லதுதான்" என்று அவரிடம் காகிதத்தை நீட்டினேன்.

அவர் அதைப் பார்க்கவே இல்லை. முகமெல்லாம் சிரிப்பு. "கிரைண்டர எங்க சார் வெப்பீங்க?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நம் ஊரில் ஹோட்டல் என்றால் சாப்பிடுகிற இடம். அதில் தனக்கும் ஒரு அடுப்படி உண்டு என்று நினைத்துவிட்டார். இல்லை அக்கா, இது ரூம் எடுத்துத் தங்குகிற இடம் என்று சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொன்னால் மறுபடி பேச வேண்டும், மறுபடி அலைய வேண்டும். போதும்டா சாமி என்றிருந்தது. "பின்னாடி வருதுக்கா" என்றேன். பின்னாடி நான் வரைந்திருந்தது ஜெனரேட்டர் ரூம்.

அவர் கையெழுத்துப் போட்டார். அதோடு நிற்காமல் மற்ற ஏழு கடைக்கும் ஏறி இறங்கி, "சார் நம்ம ஆளுதான், போடுங்க" என்று வாங்கியும் கொடுத்தார்.

போன வாரம் தகரம் அடைத்து, மேலே ஹோட்டல் ரூம் படம் போட்ட பேனர் கட்டினார்கள். மறுநாள் காலையில் நான் சாப்பிடப் போனபோது அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், கட்டிலும் மெத்தையுமா போட்டுகினு கீறாங்க? இது லாட்ஜா?"

"ஆமாக்கா."

"அப்ப நம்ம அடுப்பு?"

"மாடியில ரெஸ்டாரன்ட் வருது. அதுக்கு வேற ஆளுங்க."

திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "நான் சொல்லித்தான அவங்கல்லாம் போட்டாங்க" என்று தெருவில் இறங்கினார்.

"நானும் வரேன்க்கா."

"நீ வந்து இன்னா சொல்லுவ? இட்லி வெந்துகினு கீது, அத்த பாரு."

சார் போய் நீ வந்துவிட்டது. அடுப்புப் பக்கமே நின்றேன். முதல் கடை டைலருடையது. அவரைக் கும்பிட்டபடி அக்கா ஏதோ சொல்லிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது.