பழைய வேட்டியில் குட்டிச் சட்டை

எங்கள் வீட்டில் துணி கிழிந்தால் நான் சந்தோஷப்படுவேன் என்று என் வீட்டுக்காரர் தெரு முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். "கொடியில காயுத சட்டைக்கு வாட்ச்மேன் போடணும் போலிருக்கே" என்பார். அவர் சொல்வதில் பாதி உண்மை. காலர் நைந்த சட்டையைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. காலர்தான் போயிருக்கும், முதுகுப் பக்கத்துத் துணி அப்படியே இருக்கும். அதில் ஒரு சின்னப் பெண்ணுக்குக் கவுன் வரும். பட்டுச் சேலை மடிப்பில் இற்றுப்போனால் கரையை மட்டும் வெட்டியெடுத்துப் பாவாடைக்கு வைக்கலாம்.

திருநெல்வேலி டவுணில் எந்த ரத வீதிக்குள் நுழைந்தாலும் புதுத்துணிக் கடைதான். அத்தனை கடைகளுக்கு நடுவே குடியிருந்துகொண்டு, பழைய துணியைக் கேட்டு வாங்கித் தைக்கிறவள் நான். முன்பெல்லாம் கஞ்சப்பிசினாரி என்றார்கள். இப்போது கல்லூரிப் பெண்கள் அம்மாவின் சேலையைத் தூக்கிக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, இதுல ஒரு லாங் கவுன்" என்கிறார்கள். ஃபேஷனாம். என் மிஷினுக்கு எல்லாம் ஒன்றுதான்.

நான் சொல்ல வந்தது என் நாத்தனாரைப் பற்றி. என் வீட்டுக்காரருக்கு ஒரே தங்கை. ஆழ்வார்குறிச்சியில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள். அவளைப் பெற்றவர்கள் இப்போது இல்லை. அதனால் பிறந்த வீடு என்றால் அவளுக்கு நாங்கள் இரண்டு பேர்தான்.

முதல் குழந்தை உண்டானபோது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. வளைகாப்பு முடிந்த கையோடு கடைகடையாக ஏறிக் குட்டிச் சட்டைகளாக வாங்கிக் குவித்தாள். பரீட்சை முடியட்டும், பிறகு டவுணுக்கு வருகிறேன் என்று ஆழ்வார்குறிச்சியிலேயே இருந்தாள். எட்டாம் மாதம் வயிற்றில் அசைவு நின்றுபோயிற்று. அம்பாசமுத்திரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துதான் எடுத்தார்கள். ஆண் குழந்தை. நாங்கள் இங்கிருந்து போய்ச் சேர்வதற்குள் ஆற்றங்கரையில் எல்லாம் முடித்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து அவள் கண்ணைத் திறந்தபோது காட்டுவதற்குக் குழந்தை இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தார்களா? "பிள்ளை பொறக்கதுக்கு முந்தியே துணிமணி வாங்கினா இப்படித்தான் ஆகும்" என்று ஓர் அம்மாள் சொன்னார். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அவர் கொண்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வாசலில் விட்டிருப்பேன். பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிற என் நாத்தனார் அந்தப் பேச்சை அப்படியே நம்பிவிட்டாள் என்பதுதான் கொடுமை.

மறுபடி உண்டானபோது வளைகாப்பு முடிந்ததும் அவளை டவுணுக்கு அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம். சூடு கண்ட பூனை மாதிரிதான் இருந்தாள். குழந்தை என்ற பேச்சையே எடுக்கவில்லை. ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னால், "சரி டாக்டர்" என்பதோடு சரி. அவள் அண்ணன் ஆசையாகத் தொட்டில் கம்பியைத் துடைத்து வைத்தார். அதை மறுபடி பரணில் போடச் சொல்லிவிட்டாள். சாப்பிட்டாள், தூங்கினாள், டிவி பார்த்தாள். அவள் வயிற்றைத் தடவிக்கொண்டுகூட நான் பார்த்ததில்லை. குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை இருந்தது. இவள் அதை மனசார வாங்கிக்கொள்வாளா என்றுதான் பயமாக இருந்தது.

ஒருநாள் மத்தியானம் தானாக வந்து மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மதினி, நீங்க பழசுலதான தைக்கிய?"

"ஆமா. புதுசுல தைக்கதுக்கு ஊர்ல டெய்லருக்கா பஞ்சம்?"

"வாங்கினாத்தான குத்தம். வீட்ல கெடக்க பழசுல தச்சா குத்தம் இல்லல்லா?"

என்ன தைக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மறுநாளே துணி தேடக் கிளம்பிவிட்டேன்.

பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணி போடுவதுதான் எங்கள் வழக்கம். நோய்நொடி இல்லாமல் வளர்ந்த பிள்ளையின் சட்டை, ஆயுசோடு இருக்கிற பெரியவர் கட்டிய வேட்டி என்று கேட்டு வாங்குவோம். பழசு மெத்தென்று இருக்கும், உறுத்தாது. அவர்களுடைய ஆயுசும் கூடவே ஒட்டிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை. எதிர்வீட்டில் தொண்ணூறைத் தாண்டிய வாத்தியார் ஒருவர் இருக்கிறார். விஷயத்தைச் சொல்லி ஒரு பழைய வேட்டி கேட்டேன். உள்ளே போய் ஒரு கட்டு வேட்டியையே தூக்கிக்கொண்டு வந்து, "பத்தலைன்னா சொல்லும்மா, கட்டியிருக்கதையும் அவுத்துத் தாரேன்" என்றார். நாத்தனாரின் வீட்டுக்காரருக்குக் கங்கைகொண்டானில் ஒரு கம்பெனியில் வேலை. அவரும் ஷிப்ட் முடிந்து வருகிற வழியில் தன் பழைய யூனிபார்ம் சட்டைகளைப் பையில் திணித்துக்கொண்டு வந்தார். அந்தத் துணியில் தைத்தால் குழந்தைக்குத் தோல் உரிந்துவிடும். மனுஷன் மனம் கோணக்கூடாதே என்று வாங்கி வைத்தேன். பிற்பாடு அதில் காய்கறிப் பை தைத்தேன்.

வேட்டிகளை வெந்நீரில் ஊறவைத்து அலசி, நல்ல வெயிலில் காயப்போட்டேன். பழைய துணியை வெட்டுவதற்கு முன் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். எங்கே இழை விட்டிருக்கிறதோ அங்கே ஊசி இறங்கினால் பொத்துக்கொள்ளும். கெட்டியான இடமாகப் பார்த்து வெட்டினேன். பட்டன் கிடையாது, நாடாதான். குழந்தை மேலில் உராயாதபடி தையல் மடிப்பெல்லாம் வெளிப்பக்கம். என் நாத்தனார் பக்கத்தில் இருந்து நாடா திரித்துக் கொடுத்தாள். அப்போதும் குழந்தை என்ற சொல் அவள் வாயில் வரவில்லை. "அந்தச் சின்னதை எடுங்க", "இந்தச் சின்னதுக்கு நாடா போட்டாச்சா" என்பாள். அவ்வளவுதான்.

இப்படி இருக்கும்போது ஆழ்வார்குறிச்சியிலிருந்து அவளுடைய மாமியார் வந்தார். மருமகளுக்கென்று உளுந்தங்களி கிண்டித் தூக்குச்சட்டியில் கொண்டுவந்திருந்தார். நல்ல மனுஷி, ஆனால் சாஸ்திரம் பேச ஆரம்பித்தால் விடமாட்டார். மிஷின் மேல் இருந்த சட்டைகளைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இது என்னம்மா?"

"பழைய வேட்டி அத்தை. எதிர்வீட்டு வாத்தியார் கட்டினது" என்றேன்.

"துணி பழசு, சரி. சட்டை எப்பத் தச்சது?"

"நேத்து."

"அப்பச் சட்டை புதுசுல்லா?"

"அதெப்படி அத்தை? துணி பழசுன்னா சட்டையும் பழசுதான?"

"அரிசி போன வருசத்து அரிசிதான். இன்னைக்கு வடிச்சா அதைப் பழைய சோறும்பியளா?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஒரு பிள்ளையின் மேலில் பட்டால்தான் அது பழசு, அதுவரைக்கும் எல்லாம் புதுசுதான், பிள்ளை பிறப்பதற்கு முந்திப் புதுசு வீட்டுக்குள் கிடக்கக்கூடாது என்று சொல்லிக்கொண்டே அவர் சட்டைகளைச் சுருட்டி எடுக்க ஆரம்பித்தார்.

"அதைக் கீழ வைங்க அத்தை."

என் நாத்தனார்தான். மாமியாரிடம் அவள் குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை.

"அவனுக்கு அத்தனை சட்டை வாங்கி வச்சிருந்தேன். ஒண்ணுகூடப் போடாம, ஆஸ்பத்திரித் துண்டுல சுருட்டிக் கொண்டு போயிட்டாவ. இது எனக்குத் தங்கினாலும் சரி, தங்காட்டாலும் சரி. ஒரு சட்டை போட்டுக்கிடட்டும். அம்மணமா அனுப்ப மாட்டேன்."

இத்தனை நாளும் இவள் சாப்பிட்டதும் தூங்கியதும் இதை மனசில் வைத்துக்கொண்டுதானா? மாமியார் சட்டைகளோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணும் போடலைன்னு உங்கிட்ட யாரும்மா சொன்னா?" என்று கேட்டார். "நான் போட்டுவிட்டேன்."

அவள் அவரையே பார்த்தாள்.

"நர்ஸ் துண்டுல சுத்தித்தான் தந்துச்சு. ஆம்பளையள்லாம் வண்டிக்குப் போயிருந்தாவ. நீ வாங்கினது எல்லாம் பையில இருந்துச்சு. வெந்நி தொட்டு மேலத் துடச்சு, மஞ்சச் சட்டை ஒண்ணு எடுத்துப் போட்டுவிட்டேன். வாத்துப் படம் போட்டது."

"ஏன் அத்தை எங்கிட்டச் சொல்லல?"

"உங்கிட்ட அந்தப் பேச்சே எடுக்கக்கூடாதுன்னு எல்லாரும் சொல்லிட்டாவ. பொறவு, புதுசைப் போட்டு அனுப்பிட்டோமே, அதுல எதும் தப்பு வந்துருமோன்னு எனக்கே பயம். அதாம்மா இப்பமும் கெடந்து சொல்லுதேன்."

தெருவில் டவுண் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

"அளவு சரியா இருந்துச்சா?" என்று கேட்டாள் என் நாத்தனார்.

"பெருசும்மா. கையை மடிச்சு மடிச்சு விட்டேன்."

அதைக் கேட்டுத்தான் அவள் அழுதாள். குழந்தை போனபோதுகூட அப்படி அழவில்லை. நான் தேற்றப் போகவில்லை. அழட்டும் என்று விட்டேன். மாமியாரும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அழுகை ஓய்ந்ததும் அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். முடி இருந்ததா, யார் ஜாடை, விரல் எப்படி இருந்தது. அவரும் ஒன்று விடாமல் சொன்னார். நெற்றி என் வீட்டுக்காரருடையதாம், மூக்கு அவர்கள் வீட்டு மூக்காம். களி ஆறிப்போகும்வரை அவர்கள் பேசினார்கள்.

அதற்குப் பிறகு அவள் மாமியார் மடியிலிருந்த ஒரு சட்டையை எடுத்து விரித்துத் தன் வயிற்றின் மேல் வைத்துப் பார்த்தாள்.

"அப்ப எம்பிள்ளைக்கு இந்தக் கையும் நீளந்தான் மதினி. ரெண்டு விரக்கடை குறைச்சிருங்க" என்றாள்.

குறைத்தேன். மாமியாரின் சாஸ்திரத்தையும் விடவில்லை. அடுத்த தெருவில் பிறந்து ஒரு மாதமான கொழுகொழு குழந்தை ஒன்று இருந்தது. அதற்கு ஒரு சட்டையை இழுத்துப் பிடித்துப் போட்டு ஒரு மத்தியானம் விட்டுவைத்தோம். அது பாலைக் கக்கி வைத்தது. "இப்பப் பழசாயிட்டு" என்று மாமியார் நிம்மதியாக ஊருக்குப் போனார்.

பிறந்தது பெண். கை அப்போதும் நீளமாகத்தான் இருந்தது. மடித்துவிட மாமியார் குனிந்தார். "நீங்க இருங்க அத்தை, நான் மடிக்கேன்" என்றாள் என் நாத்தனார்.