நூலகத்தில் கேட்ட ஜாமீன்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று பெரம்பலூர் நூலகத்தில் "ஜாமீன் கையெழுத்து வேணுங்க" என்று நூலகர் அம்மா சொன்னதும், "நான் என்னம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டுவிட்டேன். நான் படித்தது ஐந்தாவது.

ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு அரசு வேலைக்கான தேர்வு. குரும்பலூரில் என் தங்கை வீட்டில் தங்கிப் படிக்கிறாள். அவள் கேட்ட புத்தகம் நூலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

நூலகர் அம்மா என் ஆதாரைப் பார்த்தார். "தா.பழூரா? அது அரியலூர் மாவட்டங்க. உள்ளூர்க்காரங்க யாராச்சும் பொறுப்பேத்துக்கிட்டாத்தான் கார்டு."

"முன்ன ஒரே மாவட்டந்தானம்மா. நாங்க எங்கயும் போகல, மாவட்டந்தான் எங்கள வுட்டுட்டுப் போச்சு."

அவர் சிரிக்கவில்லை. நீங்களாவது சிரியுங்கள்.

மூடுவதற்கு அரை மணி நேரம்தான் இருந்தது. தங்கை வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"உங்கள நம்பி கையெழுத்தா மச்சான்? வாங்கிட்டுப் போன என் வேட்டியவே இன்னும் தரல."

"இப்பவே அவுத்துத் தரேன், வாங்க மாப்ள!"

நூலகமே திரும்பிப் பார்த்தது.

விளக்கை அணைக்கும் நேரத்தில் மாப்பிள்ளை மூச்சு வாங்க வந்து கையெழுத்துப் போட்டார். கார்டு கிடைத்துவிட்டது. அவர் வண்டியிலேயே குரும்பலூர் வீட்டுக்கு வந்தோம்.

மகள் வாசலிலேயே கையை நீட்டினாள். கார்டைக் கொடுத்தேன்.

புத்தகம் நூலகத்து மேசையிலேயே இருக்கிறது. நாளை வெள்ளிக்கிழமை, நூலகம் விடுமுறை.