கடல் படிக்க வந்தவர்கள் அளந்த கிணறு

ஓசூர் உயர்நிலைப் பள்ளியில் நான் விஞ்ஞான ஆசிரியராகச் சேர்ந்து அப்போது இரண்டாவது வருஷம். ஒரு தை மாதம், இங்கிலாந்துக் கல்லூரி மாணவர்கள் ஆறு பேரும் அவர்களுடைய பேராசிரியரும் வந்த வண்டி சூளகிரிக்கு இப்பால் அச்சு முறிந்து நின்றுவிட்டது. மதராஸ் கரையில் ஒரு மாதம் கடல் உயிர்களைப் பற்றிப் படித்துவிட்டு, மேற்குக் கடற்கரைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். பேராசிரியர் புது அச்சு வாங்கப் பெங்களூர் போனார். மாணவர்கள் ஓசூர்ப் பயணிகள் பங்களாவில் தங்கினார்கள்.

“உமக்கு இங்கிலீஷ் வரும், போய் என்ன வேணும்னு கேளும்” என்று தலைமை ஆசிரியர் என்னை அனுப்பினார்.

அவர்களுக்கு வேண்டியது வேலைதான். வராந்தாவில் கண்ணாடி ஜாடிகளை வரிசையாக வைத்துவிட்டு, அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். மூக்குக்கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி சொன்னாள்: “ஒரு மாதமாகக் கடல் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துத்தான் எழுந்தோம், சாப்பிட்டோம். இங்கே எப்போது எழுவது என்றே தெரியவில்லை.”

பங்களாவுக்குப் பின்னால் கத்தரித் தோட்டம் வைத்திருந்த அம்மாள் அப்போது பால் கொண்டுவந்திருந்தார். நாற்பது வயதிருக்கும். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், என்னிடம் தமிழ். அந்தப் பக்கத்து வழக்கப்படி ஆசிரியரான என்னை அய்யவாரு என்பார்.

“அந்தப் பொண்ணு இன்னா சொல்லுது?”

கடல் தினமும் இரண்டு தடவை ஏறி இறங்கும், நிலா இழுப்பதால் என்று சொன்னேன்.

“எந்த நெலா? நம்ம நெலாவா?”

“அதேதான்.”

“அவ்ளோ பெரிய கடல இழுக்குதுன்னா, எங் கெணத்த ஏன் இழுக்கல, அய்யவாரே?”

வகுப்பில் ஒரு பையன் கேட்டிருந்தால் உட்காரச் சொல்லியிருப்பேன். இங்கே மொழிபெயர்த்துச் சொன்னேன். கிணறு சின்னது என்றான் ஒருவன். பூமியும் கூடத்தான் சேர்ந்து ஏறி இறங்குகிறது என்றான் இன்னொருவன். பத்து நிமிஷம் வாதாடினார்கள். கடைசியில் மூக்குக்கண்ணாடிப் பெண் என்னிடம், “எங்களுக்குத் தெரியவில்லை என்று சொல்லுங்கள்” என்றாள்.

சொன்னேன். “தெரியலன்னா அளந்து பாக்கறதுதானே” என்றார் அம்மாள்.

மாடு கட்டிக் கவலை ஏற்றத்தில் தண்ணீர் இறைக்கிற கிணறு அது. இறைத்தால் அளக்க முடியாது. மறுநாள் ஞாயிறு. அந்த ஒரு நாள் மட்டும் மாட்டைக் கட்டுவதில்லை என்று ஒப்புக்கொண்டார்.

விடிந்ததும் தண்ணீருக்குள் இறங்கும் கற்படியில் ஓர் அளவுகோலைக் கட்டினார்கள். அரை மணிக்கு ஒருவர் இறங்கிப் பார்த்துச் சொல்ல, நான் எழுதினேன். என் முறை வந்தபோது கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். பதினைந்து வருஷம் பாடம் படித்தும், நான் ஒன்றை நிஜமாகப் பார்த்தது அன்றுதான் என்று தோன்றியது.

உச்சிப்பொழுதுக்குள் தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. மாணவர்கள் ஒருவர் முதுகில் ஒருவர் தட்டிக்கொண்டார்கள். அம்மாள் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

“நேத்து எறச்சேன் இல்ல? அது ஊறுது.”

நான் அதைச் சொன்னதும் அந்தப் பெண்ணின் முகம் தொங்கிப்போயிற்று. அம்மாள் எல்லோரையும் கூப்பிட்டுக் களியும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டார். களியை மெல்லாமல் விழுங்க வேண்டும் என்று அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் பாதிச் சாப்பாடு முடிந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே அவள் கணக்குப் போட்டாள். ஊற்று சீராக ஊறினால் அளவுகளை வைத்து வரைகிற கோடும் சீராகப் போகும். நிலா இழுத்தால் எங்காவது நெளியும்.

நாலு மணிவாக்கில் கோட்டில் ஒரு நெளிவு தெரிந்தது. நூல் கனம் இருக்கும். நிலா என்றாள் அவள். இறங்கியவன் சரியாகப் பார்க்கவில்லை என்றார்கள் மற்றவர்கள். தவளை குதித்திருக்கும் என்றார் அம்மாள். பொழுது சாய்கிறவரை அந்த வாதம் தீரவில்லை. பேராசிரியர் அச்சோடு திரும்பினார்; மறுநாள் காலையில் வண்டி கிளம்பிவிட்டது.

நாலு மாதம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். பாறைக்குள் ஆழமாகத் துளையிட்ட சில கிணறுகளில், நிலாவுக்கு ஏற்பத் தண்ணீர் ஏறி இறங்குவதை விஞ்ஞானிகள் அளந்திருக்கிறார்களாம். வாய் அகன்ற திறந்த கிணற்றில் அது கண்ணுக்குப் படுவது கஷ்டமாம். நாங்கள் பார்த்த நெளிவு என்னவென்று யாராலும் சொல்ல முடியாதாம்.

அம்மாள் மாட்டை நிறுத்திவிட்டு முழுவதும் கேட்டார்.

“அப்போ இழுக்குது.”

“உங்க கெணத்துல தெரியாதுன்னு எழுதியிருக்காங்க.”

“கண்ணுக்குத் தெரியலன்னுதான எழுதியிருக்கு? இழுக்கலன்னு எழுதலையே.” வடத்தைப் பிடித்துக்கொண்டு கிணற்றை எட்டிப் பார்த்தார். “எத்தன அடி தொளச்சா தெரியும்னு கேட்டு எழுதுங்க அய்யவாரே.”

அன்று சாயங்காலமே எழுதிப் போட்டேன்.