முதலில் நிற்பது

கீழ் கோத்தகிரிச் சரிவில் இருக்கும் அந்த எஸ்டேட்டில், காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் ஆட்கள் கூடும் இடத்தில், பேர் கூப்பிடுவதற்கு ஒரு முறை உண்டு. முந்தின நாள் யார் அதிகக் கொழுந்து எடுத்தார்களோ அவர் பெயரைத்தான் சூப்பர்வைசர் வேலுசாமி முதலில் கூப்பிடுவார். பிறகு அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசை இறங்கும். ஈரக் கொழுந்தைக் கொண்டுவந்து எடை ஏற்றப் பார்த்தால் தண்ணீருக்கென்று கழித்துவிடுவார்கள், அதனால் ஏமாற்று வேலை நடக்காது. பதினோரு வருஷமாக ஞானசுந்தரியின் பெயர் அந்த வரிசையில் மூன்றாவது இடத்துக்குக் கீழே போனதில்லை. இதைச் சொல்லாமல் அவள் கதையைச் சொன்னால் அவளை முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். அவள் முட்டாள் இல்லை.

அவளுடைய பெற்றோர் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவள் இங்கேயே பிறந்து, எட்டாவது வரை படித்து, இங்கேயே கொழுந்துக்கூடையை மாட்டிக்கொண்டவள். கணவன் எல்லப்பன் தேயிலை ஃபேக்டரியில் இலை உருட்டும் மெஷினுக்குப் பக்கத்திலேயே இருபத்திரண்டு வருஷம் நின்றான். மெஷின் அவன் காதைத் தின்றுவிட்டது. ஃபேக்டரியை மூடியபோது காதுக்கு யாரும் எதுவும் தரவில்லை, தேயிலைச் செடியைக் கழித்துவிடும் கவ்வாத்து வேலைக்கு மலைக்கு அனுப்பினார்கள்.

காது கேட்காதவனுக்கு மலையில் என்ன வேலை? செடிக்குள் காட்டெருமை நிற்கும், கரடி படுத்திருக்கும். முதலில் பார்க்கிறவர் குரல் கொடுக்க வேண்டும், கேட்கிறவர்கள் மேட்டுக்கு ஓட வேண்டும். அந்தக் குரலை நம்பித்தான் அங்கே எல்லோரும் குனிந்து வேலை செய்கிறார்கள். ஒரு மாதத்துக்குள் காதுக்கு மெஷின் வைக்காவிட்டால் எல்லப்பனை மலையில் வைத்துக்கொள்ள முடியாது என்று வேலுசாமி சொல்லிவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, அதுதான் வயிற்றெரிச்சல்.

டாக்டர் கோயம்புத்தூருக்குப் போய்ப் பரிசோதனை செய்யச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தார். அங்கே போனால் ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். மாதமோ ஓடிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஞானசுந்தரி, திருப்பூரில் வேலை பார்க்கும் மகள் வாங்கிக் கொடுத்த போனை எடுத்து, அதில் இருந்த ஆன்லைன் கடையைத் திறந்து, மைக்கை அழுத்தி, காது கேட்கும் மெஷின் வேண்டும் என்று அதனிடம் சொன்னாள். நூற்றுக்கணக்கில் வந்து விழுந்தன. முதலில் நின்றதை அவள் தொட்டாள்.

பக்கத்து வீட்டு ரேணுகா இன்னும் கொஞ்சம் கீழே தள்ளிப் பார்க்கச் சொன்னாள். ஞானசுந்தரிக்குச் சிரிப்பு வந்தது.

"இத்தனையில இத முதல்ல நிக்க வச்சிருக்கான். சும்மாவா நிக்க வைப்பான்?"

முதலில் நிற்பதற்கு ஒருத்தி எத்தனை கிலோ சுமக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். காசு கொடுத்தால் முதலில் நிற்கலாம் என்பதுதான் தெரியாது. ஓரத்தில் சாம்பல் நிறத்தில் விளம்பரம் என்று எழுதியிருந்தது. எறும்பு படிக்கிற அளவு எழுத்து.

கூரியர்காரன் மேலே லயத்து வீடுகளுக்கு ஏறி வரமாட்டான். ஜங்ஷன் டீக்கடையில் போய் வாங்கி வந்தாள். எல்லப்பனை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து, மெஷினைக் காதில் பொருத்தி, எதிரே நின்று கேட்டாள்.

"கேக்குதா?"

"கேக்குது புள்ள."

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்தச் சந்தோஷத்தில் மெஷினோடு அவன் காதைப் போட்டோ எடுத்து, ஐந்து நட்சத்திரமும் அழுத்தி, என் வீட்டுக்காரருக்கு நன்றாகக் கேட்கிறது, நம்பி வாங்கலாம் என்று போனிடம் சொன்னாள். அது அப்படியே எழுதிக்கொண்டது. பொருள் வாங்கினால் நல்லது கெட்டது சொல்ல வேண்டும் என்று அது கேட்டிருந்தது, கேட்டதற்கு மரியாதையாகப் பதில் சொன்னாள்.

மூன்றாவது வாரம், கீழ்க்காட்டில் எல்லப்பன் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தான். மேலே கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஞானசுந்தரிதான் காட்டெருமையை முதலில் பார்த்தாள். கத்தினாள். எல்லோரும் மேட்டுக்கு ஓடினார்கள். அவன் மட்டும் வெட்டிக்கொண்டே இருந்தான். பெயர் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினாள். எருமை அவனுக்கு நாலெட்டுத் தள்ளி நின்றது, மூச்சு விட்டது, என்ன நினைத்ததோ, திரும்பிப் போய்விட்டது. பிறகுதான் அவன் நிமிர்ந்து, எல்லோரும் ஏன் மேலே நிற்கிறார்கள் என்று பார்த்தான்.

அன்றைக்கு வீட்டில் அவள் கேட்கவில்லை, அவனே சொன்னான். தகரத்தில் மழை பெய்கிற மாதிரி ஒரு இரைச்சல்தான், அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை.

"அப்புறம் ஏன் கேக்குதுன்னு சொன்னீங்க?" என்று அவன் முகத்துக்கு நேராக வாயை அசைத்தாள்.

"உன் மூஞ்சியப் பாத்தேன். வேற என்ன கேட்டிருக்கப் போற?"

திருப்பி அனுப்பலாம் என்றால், பத்து நாள் கெடு எப்போதோ முடிந்திருந்தது. மறுநாள் பெரட்டில் எல்லப்பன் பெயரைக் கூப்பிடவில்லை. வேலுசாமி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஏதாச்சும் ஆயிருந்தா நான் உங்க முன்னால வந்து நிக்க முடியுமுங்களா?"

அன்றைக்கு அவள் பெயரைத்தான் முதலில் கூப்பிட்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து, இந்த முறையாவது நல்லதாகப் பார்த்து வாங்கவேண்டும் என்று போனிடம் மறுபடி சொன்னாள். மறுபடி அதே மெஷின் முதலில் வந்து நின்றது. இப்போது அதற்கு நட்சத்திரம் கூடியிருந்தது. தொட்டுக் கீழே தள்ளினாள். வாங்கியவர்கள் போட்டிருந்த படங்களில் முதல் படம் ஒரு காது. சின்ன வயதில் நாய் கடித்து மடல் கிழிந்த காது. அதன் கீழே, நம்பி வாங்கலாம் என்ற அவளுடைய பேச்சு. அதற்கும் கீழே, நூற்று நாற்பத்துமூன்று பேருக்கு இது உதவியாக இருந்தது என்று போட்டிருந்தது.

அந்தப் பேச்சை அழிக்க வழி தேடி எங்கெங்கோ அழுத்தினாள், அது புதிதாக வாங்குகிறீர்களா என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. வேறு மெஷின்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் கீழும் யாரோ ஒருவருடைய அப்பா, யாரோ ஒருவருடைய மாமியார், நன்றாகக் கேட்கிறது என்றார்கள்.

"என்ன புள்ள, நல்லதா ஏதும் இருக்கா?" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எல்லப்பன்.

எதை நம்புவதென்று தெரியவில்லை என்று அவள் போனைப் பார்த்தபடியே சொன்னாள். அவன் கேட்டவன்போலத் தலையாட்டினான்.